மதுரை வெயிலில் கேரவன் ஃபிரிட்ஜை மாற்றும்போது எந்த வகை வாங்கலாம்?

12 வோல்ட் கம்ப்ரஸர் வகைதான். பழைய கேரவன்களில் பெரும்பாலும் இருப்பது அப்சார்ப்ஷன்: கேஸ் சுடரில் அம்மோனியா கரைசலைச் சூடாக்கிக் குளிர்விக்கும். அந்தச் சூட்டைப் பின்பக்கக் காற்றில் விட்டாக வேண்டும். புழுக்கத்தில் மண்பானைத் தண்ணீர் சரியாகக் குளிராதல்லவா, அதுபோல 40 டிகிரியில் இது திணறும். வண்டி சரிந்து நின்றால் கரைசல் ஓட்டமும் தடைபடும். அழகர்மலை அடிவாரத்தில் எங்கே சமதளம் தேடுவது?

கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 50 வாட் இழுக்கும். பாதி நேரம் ஓடினால் பேட்டரியிலிருந்து நாளுக்கு 50 ஆம்பியர்-மணி (பேட்டரி கொள்ளளவின் அலகு) செலவாகும். ஒயர் மெல்லிசானால் வோல்டேஜ் இறங்கி ஃபிரிட்ஜ் நின்றுவிடும். பேட்டரியைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள். சில மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். பழைய கேஸ் இணைப்பைக் கட்டாயம் அடைத்துவிடுங்கள்.

கம்ப்ரஸர்தான் பேட்டரியைத் தீர்க்கும் என்று பலர் நினைப்பது தவறு: கேஸுக்குப் பதிலாக 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடவைத்த அப்சார்ப்ஷன்தான் 100 வாட்டுக்கு மேல் விடாமல் இழுக்கும்.