லேபிள் உரிந்த தட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாத்தா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய வினைல் தட்டுகள் கிடைத்தன. பத்து அங்குலம், நல்ல கனம். பாதிக்கு மேல் லேபிள் உரிந்திருக்கிறது. பாடியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, எல்பி பிளேயரில் ஓட்டலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவையும் கனத்தையும் பார்த்தால் அவை வினைல் அல்ல, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒருமுறை துடைத்தால் பாட்டே போய்விடும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். மெல்லிய பிரஷ்ஷால், பாட்டுப் பதிந்திருக்கும் வரிகளின் போக்கிலேயே தேய்த்து, அலசி, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். லேபிளில் நீர் படக்கூடாது. விரிசல் விட்ட தட்டை நனைக்காதீர்கள். சிலவற்றின் நடுவே காகித அடுக்கு இருக்கும், அது ஊறிப் புடைத்துவிடும்.

கழுவும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எண்களும் எழுத்துகளும் தெரியும். அதுதான் பதிவு எண். கிராமபோன் கம்பெனியின் ஆரம்பகாலத் தட்டுகளில் அதனுடன் வரும் எழுத்து, பதிவு செய்த பொறியாளரையும் தட்டின் அளவையும் குறிக்கும். லேபிள் போனாலும் இது போகாது. பழைய கேட்டலாகுகளோடு ஒப்பிட்டுப் பாடகரைப் பிடித்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் பாட்டிருந்தால் பெரும்பாலும் 1910-க்கு முந்தையது.

பிறகு, கடைசி வரை கேளுங்கள். 1902-இல் கல்கத்தாவில் பதிவான பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்' என்பார். மெழுகுப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அச்சாயின. அங்கிருந்தவர்களுக்கு யார் குரல் என்று தெரிய வேண்டுமே! பக்கவாத்தியக்காரர்கள் பெயர் பெரும்பாலும் லேபிளிலும் இராது. சில தட்டுகளில் நடுவே கேட்கும் ஒரு 'பலே'யோடு வரும் பெயர்தான் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி.

அன்று தென்னிந்தியத் தட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் பெரும்பங்கு தேவதாசி மரபுப் பெண்கள். கோயம்புத்தூர் தாயியை இன்று எத்தனை கச்சேரி ரசிகர்களுக்குத் தெரியும்? 1912-இல் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாழ், தாயி பாடிய வள்ளலார் பாடலின் தட்டை வைத்தே 'ராகமாலிகா' எழுதினார். தாள ஒலிக்காகப் பியானோவில் ஒரு தந்தியை அடக்கியும் வைத்தார். பாரிஸ் காதுகொடுத்துக் கேட்ட குரலை நாம் மறந்தோம் என்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

எல்பி ஊசி கூடாது. அதன் முனை மெலிது. வரியின் அடியில் இறங்கி அங்குள்ள தூசியைத்தான் வாசிக்கும். 78-க்கென்றே வரும், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனையுள்ள ஊசி தேவை. வேகத்தையும் நம்பாதீர்கள். 1925-க்கு முந்தையவற்றில் பல சரியாக 78-இல் பதிவானவை அல்ல. 74-இல் பதிவானதை 78-இல் ஓட்டினால் ஐந்து கட்டைச் சுருதிக் குரல் ஐந்தரைக் கட்டையாகிவிடும், பிருகாக்கள் என்னும் விரைவு ஸ்வர உருட்டல்கள் பொய்யாக வேகமெடுக்கும். வேகம் மாற்றக்கூடிய பிளேயராக வாங்குங்கள்.

பதிவு எண்ணை உறையின் மேல் பென்சிலால் எழுதி, தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உரிந்த லேபிள் துண்டுகள் பெட்டியின் அடியில் கிடக்கும். பெட்டியைத் தட்டிக் கொட்டிவிடாதீர்கள்.