பாவத்தைத் திரும்பச் செய்துவிட்டு வா: மூன்று ஓவிய விளையாட்டுகள், கேள்வி பதில்

ஜோ ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டன்காரர் செய்த மூன்று கணினி விளையாட்டுகளையும் முடித்துவிட்டேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, இது என்ன மாதிரி கேம்? சுருக்கமா சொல்லுங்க.

பதில்: மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைக் கத்தரித்து ஒட்டி, அதில் இருக்கிற ஆட்களை நடக்கவும் உளறவும் விட்ட பாயிண்ட் அண்ட் கிளிக், அதாவது திரையில் அங்கங்கே சொடுக்கிப் புதிர் விடுவிக்கிற விளையாட்டு. 2017இல் ‘ஃபோர் லாஸ்ட் திங்ஸ்’, 2020இல் ‘தி ப்ரொசெஷன் டு கல்வரி’, 2024இல் ‘டெத் ஆஃப் த ரெப்ரோபேட்’. முதல் கதை இதுதான்: பாவம் செய்த ஒருத்தன் மன்னிப்புக் கேட்டு சர்ச்சுக்குப் போகிறான், அவர்களோ “அதெல்லாம் வேறு பங்கில் செய்த பாவம், எங்கள் எல்லைக்குள் வராது, இங்கே ஒருமுறை செய்துவிட்டு வா” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் (பங்கு என்றால் ஒரு சர்ச்சுக்குக் கீழ் வரும் வட்டாரம்). அப்புறமென்ன, ஏழு தலையான பாவங்களையும் அந்த ஊரிலேயே செய்து முடிக்க வேண்டியது நம் வேலை.

கேள்வி: இந்தப் பங்கு எல்லை விஷயம் சும்மா கப்சாவா, நிஜமாவே அப்படி இருந்துச்சா?

பதில்: நல்ல கேள்வி. பாதி நிஜம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைக் கூட்டத்தின் 21ஆம் விதிப்படி, விவரம் தெரிந்த வயது வந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது தன் சொந்தக் குருவிடம், அதாவது தன் பங்கின் குருவிடம், பாவசங்கீர்த்தனம் (பாவங்களை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தாக வேண்டும். வேறு குருவிடம் போக நினைத்தால் முதலில் சொந்தக் குருவிடம் அனுமதி வாங்க வேண்டும். அதாவது எல்லை என்பது ஆளுக்கு. ரிச்சர்ட்சன் அதைப் பாவம் நடந்த இடத்துக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான். விதி அப்படியே இருக்கிறது, ஒரு திருகுதான் வைத்திருக்கிறார், அந்தத் திருகில்தான் சிரிப்பு வருகிறது.

கேள்வி: முதல் கேம் பேர்ல வர்ற ‘கடைசி நான்கு’ன்னா என்ன?

பதில்: ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்குப் போனவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: சாவு, நடுத்தீர்வை (கடவுளின் தீர்ப்பு), மோட்சம், நரகம். ஏழு பாவங்களின் பட்டியலும் ஞாபகம் வந்திருக்குமே, அதில் பொறாமைக்குக் காய்மகாரம் என்று ஒரு சொல் வரும், எனக்கு ரொம்பப் பிடித்த சொல். இந்த ஏழையும் நான்கையும் ஒரே பலகையில் வரைந்த ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறுமலர்ச்சிக் கால ஓவியர் போஷ் வரைந்ததாகச் சொல்வார்கள், அவர் கைதானா என்று அறிஞர்களுக்குள் சண்டையும் உண்டு. நடுவில் ஒரு பெரிய கண், அதன் கருமணிக்குள் கிறிஸ்து, கீழே ‘ஜாக்கிரதை, ஜாக்கிரதை, கடவுள் பார்க்கிறார்’ என்று லத்தீனில் எழுத்து. சுற்றிலும் ஏழு பாவங்கள். சோம்பலைப் பாருங்கள்: ஒரு ஆள் கணப்புப் பக்கத்தில் தலையணையில் சாய்ந்து தூங்குகிறான், ஒரு பெண் ஜெபமாலையோடு வந்து அவன் எதிரில் நிற்கிறாள், அவன் கண்ணைத் திறப்பதாக இல்லை. வசனமே போடாமல் இது ஏற்கெனவே நகைச்சுவைக் காட்சிதான். ரிச்சர்ட்சன் இந்த ஓவியங்களைக் கேலி செய்கிறார் என்பதைவிட, அவற்றில் ஏற்கெனவே இருந்த கேலியைக் காது கொடுத்துக் கேட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: இரண்டாவது கேம்ல புதிரைப் போடாம எல்லாரையும் வெட்டிட்டே போகலாமாமே?

பதில்: போகலாம், ஆனால் பின்விளைவு உண்டு. கதாநாயகி, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1633இல் வரைந்த போர்த்தேவதை பெலோனாவின் உருவம், கவசமும் வாளும் அப்படியே. புனிதப் போர் முடிந்துவிட்டது, இனி கொலை கூடாது என்றதும் அவளுக்குப் பொழுதே போகவில்லை. ஓடிப்போன கொடுங்கோலன் ஹெவன்லி பீட்டரை மட்டும் கொல்லலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்புகிறாள். முதல் தடவை வாளைத் தொடாமல் ஆடுங்கள். இரண்டாவது தடவை உங்கள் இஷ்டம்.

கேள்வி: இத்தனை ஓவியத்துக்கும் இசைக்கும் காப்பிரைட் பிரச்சனை வராதா ப்ரோ?

பதில்: ப்ரோ இல்லை, அக்கா. ஓவியர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, உரிமை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. ஓவியத்தை உள்ளது உள்ளபடி எடுத்த புகைப்படத்துக்குத் தனி உரிமை கிடையாது என்று 1999இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இசையில்தான் சிக்கல்: பாட்டு பழசாக இருந்தாலும் ஒலிப்பதிவு செய்தவருக்கு உரிமை உண்டு, அதனால் பொதுவில் விட்ட பதிவுகளாகத் தேட வேண்டும்.

கேள்வி: கஷ்டமா? எவ்ளோ நேரம் ஆகும்?

பதில்: முதலாவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். மாட்டிக்கொண்டால் திரையில் மூலையில் நிற்கிறவனையும் சொடுக்குங்கள், பாதி விடை அங்கேதான் இருக்கும்.

கேள்வி: எங்க வீட்ல எல்லாரும் பக்தியானவங்க. அம்மா முன்னாடி ஆடலாமா?

பதில்: அம்மா முன்னால் வேண்டாம். கடவுளைவிட அவர் பெயரில் விதி பேசுகிறவர்களைத்தான் ரிச்சர்ட்சன் அதிகம் கிண்டலடிக்கிறார், நானும் பூசைக்குப் போகிறவள்தான், எனக்கு உறுத்தவில்லை. ஆனால் நிர்வாணம், ரத்தம், கெட்ட வார்த்தை, மலஜலக் காமெடி எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது.

கேள்வி: மூணாவதை நேரா ஆரம்பிச்சா புரியுமா அக்கா?

பதில்: புரியும். சாகக் கிடக்கும் அப்பாவின் சொத்து வேண்டுமானால் ஏழு நல்ல காரியம் செய்யச் சொல்கிறார்கள் ஒரு உருப்படாத மகனிடம். ஆனால் முதலாவதில் ஏழு பாவத்தையும் செய்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அந்த ஏழின் குசும்பு தெரியும்.