ரசீதுப் படம் பணம் ஆகாது: சுங்கை சிப்புட் வாசகர்களின் இணைய வணிகக் கேள்விகள்

தீபாவளி நெருங்க நெருங்க, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் எனக்கு வரும் கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய ஆறை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் முறுக்கு, அதிரசம் சுட்டு வாட்ஸ்அப் குழுவில் விற்கிறேன். ஒருவர் பணம் போட்ட ரசீதைப் படம் பிடித்து அனுப்பினார். ஐந்து டின் கொடுத்துவிட்டேன். பணம் வரவே இல்லை. கியூஆர் அட்டை வைத்தால் இப்படி நடக்காதா?

அம்மா, ஏமாற்றியவர் மேல்தான் குற்றம், உங்கள் மேல் இல்லை. ஆனால் ஒரு பழக்கத்தை இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் படம் அவருடைய போனில் இருந்து வருகிறது. அதில் தேதியையும் தொகையையும் மாற்றுவது இரண்டு நிமிட வேலை. பணம் வந்ததற்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான்: உங்கள் வங்கிச் செயலியில் தெரியும் வரவு. அதைப் பார்த்த பிறகு டின்னை நீட்டுங்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தின இரவு, கூட்ட நெரிசலில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு 120 ரிங்கிட் பொருளைக் கொடுத்தேன். மறுநாள் கணக்கில் ஒரு காசு இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

கியூஆர் அட்டை நல்லது, வையுங்கள். நாட்டின் மின்பணப் பரிமாற்ற அமைப்பை நடத்தும் பேநெட் நிறுவனம் 2019-இல் டூயிட்நவ் கியூஆர் என்ற பொது அட்டையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு மின்பணப்பைக்கும் ஓர் அட்டை தொங்கவிட வேண்டியிருந்தது. இப்போது ஒரே அட்டையைப் பல வங்கிச் செயலிகளும் மின்பணப்பைகளும் படிக்கும். ஆனால் மேசையில் ஒட்டிவைக்கும் அட்டையில் இருப்பது பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற அடையாளம்தான். தொகையை வாங்குபவர்தான் தட்டுகிறார். 85 ரிங்கிட்டுக்குப் பதில் 8.50 என்று தட்டினால் அட்டை தடுக்காது. ஆகவே அட்டை இருந்தாலும் வரவைப் பார்க்கும் வேலை உங்களுடையதுதான்.

இன்னொன்று. கியூஆர் 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிப் பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. எந்திரம் படிப்பதற்கென்றே செய்தது. மனிதக் கண்ணுக்கு எல்லாக் கட்டமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போடும்போது யாராவது உங்கள் அட்டைமேல் வேறோர் அட்டையை ஒட்டிவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேன் செய்ததும் வாங்குபவரின் திரையில் பெறுபவர் பெயர் வரும். "என்ன பேர் வருது, சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஷாப்பியில் கடை திறப்பதா, சொந்தமாக இணையப் பக்கம் வைப்பதா?

தங்கச்சி, என்ன விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இதற்குப் பதில் மாறும். ஷாப்பி, லசாடா போன்ற தளங்கள் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நிற்கின்றன. வாங்குபவரின் பணத்தைத் தளம் வாங்கி வைத்துக்கொண்டு, பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்பவருக்கு விடுகிறது. ஜொகூரில் இருப்பவர் சுங்கை சிப்புட்டில் உள்ள உங்களை நம்பிப் பணம் கட்டுவது இந்த ஏற்பாட்டால்தான். அதற்குக் கூலியாகத் தளம் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தேடினால் யார் கடை முதலில் தெரிய வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்யும். விதி மாறினால் உங்களைக் கேட்டு மாற்றாது.

தோரணம், வளையல், ஆயத்த ரவிக்கை என்றால் தளம் பொருந்தும். அளவெடுத்துத் தைப்பது வேறு. அங்கே உங்கள் சொத்து அளவு நோட்டுதான். ஒருமுறை சரியாகத் தைத்துக் கொடுத்தால் அந்த அக்கா பொங்கலுக்கு வருவார், மகள் கல்யாணத்துக்கும் வருவார். அவருடைய எண்ணும் அளவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். தளத்தில் கடையை மூடினால் வாடிக்கையாளர் பட்டியல் உங்களோடு வராது. அதனால் ஆயத்தப் பொருளைத் தளத்தில் வையுங்கள். தையலுக்கு வாட்ஸ்அப்பும், எளிய பக்கம் ஒன்றும் போதும். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயர் வைத்தால் 60. அளவு நோட்டைப் படம் எடுத்து இன்னோர் இடத்திலும் வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்த கதையை நிறையக் கேட்டுவிட்டேன்.

விலையைப் போடாமல் "பிஎம் பண்ணுங்க" (தனிச் செய்தி அனுப்புங்கள்) என்று எழுதுகிறார்களே, சரியா?

சரியில்லை. மலேசியாவின் மின்வணிக விதிகள், இணையத்தில் விற்பவர் முழு விலை, தொடர்பு விவரம், பதிவு எண் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்கின்றன. வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பலருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

வெளிநாட்டிலிருந்து 40 ரிங்கிட் பொருள் வாங்கினேன். 10 விழுக்காடு வரி ஏன்?

2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் விற்று வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கு அந்த விற்பனை வரி உண்டு. ஏமாற்று இல்லை. உள்ளூர் விலையோடு ஒப்பிடும்போது வரியையும் அஞ்சல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மகளுக்குப் பள்ளிக் காலணி தேடினேன். இப்போது எந்தப் பக்கம் போனாலும் காலணி விளம்பரம். போன் ஒட்டுக் கேட்கிறதா?

அவ்வளவு தேவையே இல்லை, அண்ணே. நீங்கள் தட்டித் தேடியதே போதும். இணையப் பக்கங்களை அனுப்பும் எச்டிடிபி முறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கொடுத்ததும் வாங்கியவர் யார் என்று மறந்துவிடும். அப்படி மறந்தால் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் காணாமல் போகும். 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை செய்த லூ மொண்டுல்லி இதற்காகத்தான் குக்கியை உருவாக்கினார்: உங்கள் கருவியிலேயே சிறு குறிப்பு ஒன்றை வைத்து, அடுத்த முறை அடையாளம் காண்பது. பிறகு விளம்பர நிறுவனங்கள் பல தளங்களில் ஒரே குறிப்பை வைத்து, நீங்கள் போகும் வழியெல்லாம் பின்தொடரக் கற்றுக்கொண்டன. உலாவியின் அமைப்பில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்தால் கொஞ்சம் குறையும். செயலிகள் வேறு வழியில் அடையாளம் காணும். போன் அமைப்பில் விளம்பர அடையாள எண்ணையும் அழித்துவிடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. அம்மா திறந்து, கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்துவிட்டார். என்ன செய்வது?

கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்திருந்தால் அது பத்திரிகை இல்லை, ஒரு செயலி. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வங்கி அனுப்பும் டிஏசி என்ற ஒருமுறை உறுதி எண்ணைத் திருடனுக்கு அனுப்பும். இந்த ஓட்டையால்தான் 2022-இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டு வேறு பாதுகாப்பு முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டது.

தம்பி, முதலில் அம்மாவின் போனில் இணையத்தையும் வைஃபையையும் அணைத்து, சிம்மைக் கழற்றுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். களவு போன பணம் அடுத்தடுத்த கணக்குக்கு வேகமாக நகரும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. பிறகு போலீஸ் புகார். போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி அழித்த பிறகே வங்கிச் செயலியை மறுபடி ஏற்றுங்கள், கடவுச்சொல்லும் புதிதாக இருக்கட்டும். அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த எண்ணிலிருந்து வந்தது, எதை அழுத்தினார் என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.