குருத்வாராவில் கல்யாணம்: மகள் மதம் மாற வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கும் லூதியானாவைச் சேர்ந்த சீக்கியப் பையனுக்கும் அங்கே குருத்வாராவில் திருமணம் நிச்சயித்திருக்கிறோம். நாங்கள் கோவைக்காரர்கள், இந்துக்கள். அக்னி இல்லை, முகூர்த்தம் இல்லை என்கிறார்கள். இந்தத் திருமணம் செல்லுமா? மகள் மதம் மாற வேண்டுமா? பதிவு செய்து தர ஓர் ஏஜென்ட் 30,000 ரூபாய் கேட்கிறார்.

வழக்கறிஞர் பதில்: முதலில் அந்த ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

திருமணம் செல்லும். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சீக்கியர்களுக்கும் பொருந்தும். மணமக்களில் யாராவது ஒருவருடைய வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்கிறது அதன் 7-வது பிரிவு. சட்டத்துக்காக மகள் மதம் மாறவும் வேண்டாம், சீக்கியப் பெண்களைப் போலப் பெயரோடு 'கௌர்' சேர்க்கவும் வேண்டாம்.

அந்தச் சடங்குக்கு ஆனந்த் காரஜ் என்று பெயர். சீக்கியர்களுக்கு குரு கிரந்த் சாகிப் என்னும் புனித நூல்தான் நிலையான குரு. கல்யாணம் அதன் முன்னிலையில் நடக்கும். மாப்பிள்ளையின் துண்டு முனையை மகள் கையில் நீங்கள்தான் கொடுப்பீர்கள். நான்காவது குரு ராம்தாஸ் இயற்றிய நான்கு லாவான் பாடல்களையும் ஒவ்வொன்றாகப் பாட, மணமக்கள் அந்த நூலை நான்கு முறை வலம் வருவார்கள். ஜாதகம், நாள் பார்ப்பது, வரதட்சணை எதையும் அவர்களுடைய நடத்தை விதியான ரஹத் மரியாதா ஏற்பதில்லை. (வரதட்சணை விஷயத்தில் விதி ஒன்று, ஊர் நடப்பு வேறு.) தாலி கட்ட ஆசையிருந்தால் கோவை வரவேற்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. அதே ரஹத் மரியாதா, இருவருமே சீக்கியராக இருக்க வேண்டும் என்கிறது. இந்துப் பெண் என்றால் பல கிரந்திகள் (குருத்வாராவில் கிரந்தம் ஓதிச் சடங்கு நடத்துபவர்கள்) நடத்தி வைப்பார்கள், சிலர் மறுப்பார்கள். அழைப்பிதழ் அடிப்பதற்கு முன் சம்பந்தி வீட்டாரையே குருத்வாராவில் நேரில் கேட்கச் சொல்லுங்கள். "ரிசார்ட்டுக்கே கிரந்தத்தைக் கொண்டுவந்து முடித்துத் தருகிறோம்" என்னும் ஈவென்ட்காரர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். சீக்கியர்களின் உச்ச மதபீடமான அகால் தக்த் அதைத் தடை செய்திருக்கிறது.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். சாதிச் சான்றிதழில் 'இந்து' என்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்கள். நம் ஊரில் இப்படிக் குடும்பங்கள் ஏராளம். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையே? மகள் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. இந்துவும் கிறிஸ்தவரும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தால் அது செல்லாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை சீக்கியர் என்பதால் இது மாறாது. அப்போது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சான்றிதழில் இந்து என்று இருக்கிறதே என்று சமாளிக்க நினைக்காதீர்கள். பத்து வருடம் கழித்து சொத்துத் தகராறு வரும்போது எதிர்த் தரப்பு அதைத்தான் தோண்டும்.

இனி பதிவு. ஆனந்த் திருமணச் சட்டம் 1909-இல் வந்தது. அதன் கீழேயே பதிவு செய்ய 2012-இல் திருத்தம் செய்தார்கள். பதிவுக்கான விதிகளைப் பல மாநிலங்கள் 2025 வரை எழுதவே இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நான்கு மாதக் கெடு விதிக்க வேண்டியதாயிற்று. நாலு பக்க விதி எழுத இத்தனை வருடமா! அந்தச் சட்டம் சீக்கியர்களை மனதில் வைத்து எழுதியது, உங்கள் மகளுக்கு அந்த வம்பு வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்யுங்கள். "அக்னி போட்டோ எங்கே?" என்று குமாஸ்தா கேட்டால், லாவான் சுற்றும் போட்டோவையும் குருத்வாரா சான்றிதழையும் நீட்டுங்கள். ஏழடி எடுத்து வைப்பது அந்த வழக்கம் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம்.

குருத்வாரா தரும் தாள் ஆதாரம்தான், அதுவே பதிவு ஆகிவிடாது. சடங்கே நடக்காமல் ஒரே நாளில் சான்றிதழ் என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சடங்கு இல்லாத பதிவு திருமணமே ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

விண்ணப்பத்தை லூதியானாவின் சேவா கேந்திராவில் (அரசு சேவை மையம்) மணமக்களே கொடுக்கலாம். வயது, முகவரிச் சான்றுகள், அழைப்பிதழ், போட்டோக்கள், சாட்சிகள் தேவைப்படும். நம் ஊர் இனிஷியலை அங்கே குடும்பப் பெயராக்கி எதையாவது அடித்துவிடுவார்கள், கையெழுத்துப் போடும் முன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.