'பிட்காயினை உருவாக்கிய சடோஷி நான்தான்' என்பவரை டிஜிட்டல் கையொப்பத்தால் எப்படிச் சோதிப்பது?

டிஜிட்டல் கையொப்பம் ஒரு ரகசியச் சாவியால் இடப்படும், அதற்கு இணையான பொதுச்சாவியால் சரிபார்க்கப்படும். முதலில் எந்தச் சாவியை வைத்துச் சோதிப்பது என்று முடிவு செய்யுங்கள். பிட்காயினின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் 9ஆம் பிளாக்கின் (பதிவுத் தொகுதியின்) சாவிதான் நல்ல தேர்வு. 2009 ஜனவரி 12 அன்று நிரலாளர் ஹால் ஃபின்னிக்கு சடோஷி அனுப்பிய 10 பிட்காயின் அதிலிருந்துதான் போனது. அதன் பொதுச்சாவி பிளாக்செயினிலேயே முழுதாகக் கிடக்கிறது. அது சுருக்கப்படாத 65 பைட் வடிவம். சரிபார்க்கத் தேவையான பிட்காயின் முகவரியைச் சுருக்கிய வடிவத்திலிருந்து உருவாக்கினால் வேறு முகவரி வரும், சரியான கையொப்பமும் தவறு என்றே காட்டும்.

செய்தியை நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர் பெயர், இன்றைய தேதி, சற்றுமுன் வந்த பிளாக்கின் ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) மூன்றும் அதில் இருக்கட்டும். இதுதான் உயிர்நாடி. 2016இல் தானே சடோஷி என்று சொன்ன கிரெய்க் ரைட் வெளியிட்ட கையொப்பம், 2009ஆம் ஆண்டுப் பரிவர்த்தனை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்தது. அதைச் சரிபார்த்தால் 'சரி' என்றே வரும், ஆனால் யார் வேண்டுமானாலும் நகலெடுத்திருக்கலாம். (2024இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் அவர் சடோஷி இல்லை என்றது.)

செய்தி இல்லாமல் வெறும் ஹாஷை நீட்டினால் ஏற்கவே கூடாது. பிட்காயினின் கையொப்ப முறையான ஈசிடிஎஸ்ஏவில் இப்படி ஏமாற்றப் பொதுச்சாவி மட்டும் போதும். இரண்டு எண்களை இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குப் பொருந்தும் கையொப்பத்தையும் ஹாஷையும் கணக்கிட்டுவிடலாம். அந்த ஹாஷுக்கு உரிய செய்தியை மட்டும் யாராலும் காட்ட முடியாது. ஆகவே ஹாஷை நீங்களே கணக்கிடுங்கள்.

சோதனையை உங்கள் கணினியில், நீங்களே இறக்கிய பிட்காயின் கோர் மென்பொருளில் நடத்துங்கள். அவர் கொண்டுவரும் லேப்டாப்பில் வேண்டாம். ஒரு எழுத்தோ இடைவெளியோ மாறினாலும் கையொப்பம் பொய்த்துவிடும்.

தேறினாலும், சாவி அவர் கையில் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. திருடிய சாவியும் இதே போலக் கையெழுத்திடும்.