50 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 56-இல் போனதற்கு அபராதம் போடுவது அநியாயமா?

கேட்டவரின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். வரம்பு 50. கேமரா பதிந்தது 56. ஆளில்லாத நேரம், காய்ந்த சாலை, பல வருட அனுபவம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அபராதம் வந்துவிட்டது. "கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்களா?" என்று கேட்கிறார்.

என் கருத்து: இந்த அபராதம் சரிதான். அது சின்னத் தொகையாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் கட்டாயம் வர வேண்டும். வேக வரம்பு விஷயத்தில் கண்டிப்பு என்றாலே பலரும் பெரிய அபராதத்தையும் லைசென்ஸ் ரத்தையும்தான் நினைக்கிறார்கள். மீறினால் பிடிபடுவோம் என்பது எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருப்பதைத்தான் நான் கண்டிப்பு என்கிறேன்.

"ஆறு கிலோமீட்டர்தானே" என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டியில் இருக்கும் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. வாகன விதி எண் 39. கூடுதலாகக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. அதனால் பெரும்பாலான வண்டிகளில் முள் உண்மை வேகத்தைவிடச் சற்று மேலேதான் நிற்கும். கேமரா 56 என்று பதிந்திருந்தால், உங்கள் கண்ணெதிரே முள் அநேகமாக 58-ஐயோ 60-ஐயோ காட்டியிருக்கும். அதோடு, பல நாடுகளில் கருவியின் பிழைக்காக ஒரு கழிவும் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை 3 கிலோமீட்டரும், அதற்கு மேல் 3 சதவீதமும் கழித்த பிறகுதான் கணக்கு. ஆக, தெரியாமல் ஒரு நொடி நழுவி 56-க்குப் போய்விட்டோம் என்று சொல்வது கடினம். முள் வரம்பைத் தாண்டி நன்றாகவே போயிருக்கிறது, அது கண்ணில் படவும் செய்திருக்கும்.

கருவியின் பிழைக்குக் கழிவு கொடுப்பது நியாயம். அதற்கு மேல் கொடுக்கும் சலுகை மெல்ல மெல்லப் புது வரம்பாகவே ஆகிவிடும். பிரிட்டனில் போலீஸ் வழிகாட்டுதலின்படி வரம்போடு பத்து சதவீதமும் இரண்டு மைலும் கூட்டிப் பார்த்து, அதைத் தொட்டால்தான் பொதுவாக நடவடிக்கை. 30 மைல் சாலையில் அது 35 மைல். இது தெரிந்த ஓட்டுநருக்குப் பலகையில் உள்ள 30 மறந்துபோய், மனதில் 34-தான் பதிந்திருக்கும். பலகையில் ஒரு எண், பழக்கத்தில் இன்னொரு எண் என்று ஆனபிறகு, குறுக்கே நடப்பவர் எந்த எண்ணை நம்பி ரோட்டில் கால் வைப்பது?

சரி, வரம்புக்கு மேல் ஒரு பத்து கிலோமீட்டர் கூடினால் உண்மையில் என்ன ஆகிறது? இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் கருத்து இவ்வளவு உறுதியானது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கமாக வருகின்றன. ஒன்று 50-இல், இன்னொன்று 60-இல். எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், இருவருக்கும் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில் 50-இல் வந்த வண்டி 14 மீட்டர் போய்விடும், 60-இல் வந்தது கிட்டத்தட்ட 17 மீட்டர். பிறகு இரண்டும் ஒரே அளவு நல்ல பிரேக் பிடிக்கின்றன. முதல் வண்டி சுமார் 28 மீட்டரில் நின்றுவிடும். அதே 28-ஆவது மீட்டரில் இரண்டாவது வண்டி எந்த வேகத்தில் இருக்கும்? பத்து கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரியான விடை கிட்டத்தட்ட 40. ஒரு வண்டி முழுதாக நின்றுவிட்ட இடத்தில் மற்றது 40-இல் போய் மோதுகிறது.

காரணம் எளிது. வேகத்தின் வர்க்கத்தில்தான் ஆற்றல் ஏறுகிறது. பிரேக் முதல் சில மீட்டர்களில் வேகத்தைக் கொஞ்சம்தான் குறைக்கும், கடைசி மீட்டர்களில்தான் மளமளவென்று குறையும். அந்தக் கடைசி மீட்டர்கள் 60-இல் வந்தவருக்குக் கிடைப்பதில்லை. உங்கள் 56-க்கு இதே கணக்கைப் போட்டால் மோதும் வேகம் கிட்டத்தட்ட 30 வருகிறது. அதுவும் மழை இல்லாமல், போன் பார்க்காமல், நல்ல டயரோடு. ஓட்டுநரின் அனுபவம் அந்த ஒரு நொடியில் வேண்டுமானால் கொஞ்சம் மிச்சப்படுத்தும். பிரேக் பிடித்த பிறகு வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும்தான்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடந்து போகிறவர் மீது கார் 65-இல் மோதினால், 50-இல் மோதுவதைவிட அவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு. சாலை விபத்துகளில் உலகெங்கும் ஒரு வருடத்தில் இறப்பவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். நமக்கு இது பழகிவிட்ட செய்தியாகிவிட்டது, அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இதற்கு எதிரில் மிச்சமாகும் நேரத்தை வைத்துப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் தூரத்தை 50-க்குப் பதில் 60-இல் போனால் இரண்டு நிமிடம் மிச்சம். அதிலும் பாதி அடுத்த சிக்னலில் போய்விடும்.

இனி தண்டனைக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவருக்கு எந்த வளைவில் எந்த கேமரா என்று மனப்பாடம். அவரோடு காரில் போனால் கேமராவுக்கு முன்னால் சட்டென்று பிரேக், கடந்ததும் ஒரு மிதி. "அபராதம் எவ்வளவு போட்டாலும் எனக்கென்னங்க, நான்தான் மாட்டவே மாட்டேனே" என்பார். அபராதத்தைப் பத்து மடங்காக்கினாலும் அவர் மாறமாட்டார், அவருக்கு அது யாரோ ஒருவருக்கு விழும் அபராதம். குற்றவியல் ஆய்வுகளும் பல காலமாக இதையே சொல்கின்றன: தண்டனையின் அளவைவிட, மாட்டுவோம் என்ற நிச்சயம்தான் மனிதர்களைத் தடுக்கிறது. எப்போதாவது ஒருவரைப் பிடித்துப் பெரிய தொகை வாங்கினால், மாட்டியவருக்கு அது துரதிர்ஷ்டம், மாட்டாதவருக்கு அது சாமர்த்தியம். இருவருமே ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை.

அப்புறம், தொகை பெரிதாகப் பெரிதாக, ரோட்டில் நிறுத்தும் அதிகாரியோடு பேரம் பேசும் ஆசையும் கூடும். ஆள் பார்த்து விடுவதும், ஆள் பார்த்துப் பிடிப்பதும் இதனோடு சேர்ந்தே வரும். சின்னத் தொகை, எல்லோருக்கும் ஒரே மாதிரி, தானாக வீட்டுக்கு வரும் சீட்டு என்றால் அதில் பேரத்துக்கு இடமே இல்லை.

நண்பரைப் போன்றவர்களுக்குச் சரியான பதில் சராசரி வேகக் கேமராதான். இரண்டு இடங்களில் வண்டி எண்ணைப் படம் பிடித்து, நடுவில் எடுத்த நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும். ஓரிடத்தில் பிரேக் போட்டு ஏமாற்ற முடியாது. ஒரு கணம் சரிவில் வேகம் கூடியவரையும் அது பிடிக்காது, முழுத் தூரமும் மீறியவரைத்தான் பிடிக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான முறை இல்லை. ஸ்காட்லாந்தின் ஏ9 நெடுஞ்சாலையில் 2014-இல் பெரிய எதிர்ப்புக்கு நடுவே இதை வைத்தார்கள், மீறுவோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்வீடனில் கேமராவுக்கு முன்பே பலகை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே வேகம் குறைவதுதான் வேண்டும்.

ஆனால் இந்தக் கண்டிப்புக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது, இதில் நான் ஓட்டுநர்கள் பக்கம். வரம்பே நேர்மையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974-இல் நாடு முழுவதும் 55 மைல் என்று வைத்தார்கள். எரிபொருளை மிச்சப்படுத்த வைத்த வரம்பு அது. நேரான, அகலமான, காலியான நெடுஞ்சாலைகளில் அதை மதித்தவர்கள் குறைவு. கடைசியில் 1995-இல் எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட வரம்பை இரும்புப்பிடியாக அமல்படுத்தினால் எல்லா வரம்புகளின் மீதும் மரியாதை போய்விடும். வேலை முடிந்து பல மாதமாகியும் எடுக்காத "சாலைப்பணி 30" பலகையும் இப்படித்தான். ஆகவே எங்கே மனிதர்கள் நடக்கிறார்களோ, குறுக்கே வருகிறார்களோ, பள்ளி இருக்கிறதோ, அங்கே கழிவுக்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட விடக் கூடாது. நடுவில் தடுப்பும் இருபுறமும் வேலியும் உள்ள நெடுஞ்சாலையில் அதே ஆறு கிலோமீட்டருக்கு அதே அவசரம் இல்லை.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வரம்பு 30 கிலோமீட்டர். 2025 ஜூலையோடு முடிந்த ஒரு வருடத்தில் அந்த நகரத்தில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. கேமரா மட்டும் செய்த வேலை இல்லை அது. தெருவைக் குறுக்கினார்கள், நடைபாதையை அமைத்தார்கள், பொதுப் போக்குவரத்தையும் நன்றாக நடத்துகிறார்கள். விமான ஓடுபாதை மாதிரி ரோடு போட்டுவிட்டு ஓரத்தில் 30 என்று பலகை வைத்தால், நல்ல ஓட்டுநரின் காலும் தானாக அழுத்தும்.

பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். கேமரா செலவை அபராதப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பிரிட்டனில் இருந்தது, 2007-இல் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியது சரி. வசூல் கூடினால் அமல்படுத்துபவருக்கு லாபம் என்ற சந்தேகம் இருக்கும்வரை, கேமரா எங்கே வைத்தாலும் மக்கள் அதை உண்டியலாகத்தான் பார்ப்பார்கள்.

திரும்பத் திரும்ப மீறுகிறவர்கள், 30, 40 கிலோமீட்டர் தாண்டுகிறவர்கள் விஷயம் வேறு. அங்கே லைசென்ஸில் புள்ளி குறைப்பது, சில மாதம் ஓட்டத் தடை செய்வது எல்லாம் தேவை, ஏனென்றால் பணம் உள்ளவருக்கு அபராதம் வெறும் கட்டணம். பின்லாந்தில் பெரிய மீறலுக்கு வருமானத்தைப் பொறுத்து அபராதம். 50 கிலோமீட்டர் பகுதியில் 82-இல் போன ஒரு கோடீஸ்வரர் 2023-இல் கட்ட வேண்டி வந்தது 1,21,000 யூரோ. அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் சீட்டைப் பொறுத்தவரை இரண்டு விஷயம் பாருங்கள். அதில் உள்ள 56 கழிவுக்கு முன்பா பின்பா? வரம்புப் பலகை உங்கள் திசையில் மறைவில்லாமல் தெரிகிறதா? கிளையோ விளம்பரப் பலகையோ மறைத்திருந்தால் பகலில் ஒரு போட்டோ எடுத்து மேல்முறையீடு செய்யுங்கள். அது உங்கள் உரிமை, அடுத்து வருகிறவருக்கும் உபகாரம். இரண்டும் சரியாக இருந்தால் கெடு முடிவதற்குள் கட்டிவிடுங்கள், தாமதித்தால் தொகை கூடும் இடங்கள் உண்டு.