காற்றுக்குப் பதுங்கி வளரும் கொடி

கேள்வி: சில இத்தாலிய ஒயின்களின் ஊர்ப்பெயரை வேறெவரும் பயன்படுத்தச் சட்டம் இடம் தருவதில்லை என்று படித்தேன். அதே திராட்சையை வேறு ஊரில் பயிரிட்டு ஒயின் செய்தால் அந்தப் பெயரை ஏன் வைக்கக்கூடாது? இது வணிக உத்திதானே?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: 1971இல் இந்தப் பாதுகாப்பைப் பெற்ற 'பஸ்ஸீத்தோ தி பந்தெல்லேரியா' என்ற இனிப்பு ஒயினைப் பார்த்தால் உங்கள் ஐயம் தீரும். பந்தெல்லேரியா சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையில் உள்ள எரிமலைத் தீவு. இத்தாலிக்கு உரியதாயினும் ஆப்பிரிக்கக் கரைதான் அதற்கு அருகில். மழை குறைவு, காற்றோ ஓயாது வீசும். உங்கள் பகுதியில் போல் அங்கே பந்தல் போட்டால் அது நிற்காது. ஆகவே குடியானவர்கள் தரையில் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி பறித்து, அதற்குள் கொடியை நட்டு, தண்டைக் குட்டையாகக் கவாத்து செய்து, கிளைகள் புதர்போலப் பக்கவாட்டில் படரும்படி வளர்க்கிறார்கள். குழி காற்றைத் தடுப்பதோடு கிடைக்கும் ஈரத்தையும் வேரருகே தேக்குகிறது. பழம் பறிப்பவர் ஒவ்வொரு கொடிக்கும் இடுப்பு வளைந்தே ஆகவேண்டும். தலைமுறைகளாகக் கைமாறி வரும் இந்த முறையை யுனெஸ்கோ 2014இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே விளையும் திராட்சையின் பெயர் ஜிபிப்போ. உலர்திராட்சையைக் குறிக்கும் 'ஜபீப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் பறித்த குலைகளை வெயிலில் பரப்பிச் சுருங்க வைத்து, காம்பு நீக்கி, பின்னர் பறித்த பழங்களின் நொதிக்கும் சாற்றில் சேர்க்கிறார்கள். உலர்பழத்தின் சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீராமல் எஞ்சுவதால்தான், ஒயின் பொன்பழுப்பு நிறமும் அத்திப்பழம், ஆப்ரிகாட் போன்ற மணமும் கொண்டு இனிக்கிறது.

இதே திராட்சை, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற பெயரில், ஸ்பெயினின் மாலகாவிலும் விளைகிறது. அங்கும் அதை வெயிலில் உலர்த்தி இனிப்பு ஒயின் செய்கிறார்கள். ஆனால் அது மாலகா என்ற பெயரைத்தான் தாங்குகிறது. கொடியை எங்கும் கொண்டுபோகலாம். அந்தக் காற்றையும், எரிமலை மண்ணையும், குழி பறித்த உழைப்பையும் கொண்டுபோக முடியாது. சட்டம் காப்பது அவற்றைத்தான் என்பதால், இதை வணிக உத்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அதன் தாய் தந்தை வகைகளுள் ஒன்று இந்த ஜிபிப்போவேதான்.